ஐம்பத்தெட்டு நாள்

அத்தியாயம் 18

போன வாரம் மாரிவிக்கைப் பேனாவும் கையுமாக ஓர் அலுவலக நாற்காலியில் விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த வாரம்தான் வந்து சேருகிறவர்களுக்காக நாலு வரி. அமெரிக்க மேற்குக் கரையில் பிரெமர்ட்டன் ஊரில் கடற்படைத் தளத்தை ஒட்டி வாழும் அக்பயானி குடும்பத்தின் கதை இது. பெரியவர் சத்துர்னினோ, பிலிப்பைன்ஸிலிருந்து வந்து அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து, அதிகாரிகளின் சாப்பாட்டு அறையில் இருபத்தோரு வருஷம் பரிமாறியவர். மகன் வில்ஃபிரடோவை வீட்டில் போயெட் என்று கூப்பிடுவார்கள். சாதாரண மாலுமியாகச் சேர்ந்து, மூத்த மாலுமிகளுக்குரிய சீஃப் பதவி வரை ஏறி, அங்கிருந்து அதிகாரிகள் பக்கம் தாண்டியவன். இப்போது லெப்டினன்ட். மே முதல் தேதி ஓய்வு பெறுகிறான், பிரிவுபசார விழாவுக்கு இன்னும் பத்தே நாள். அவன் மனைவிதான் மாரிவிக். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள்.

காலை ட்ரிப்பை முடித்துவிட்டு, மத்தியான ட்ரிப்புக்குள் திரும்பிவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். கணவன் முந்திக்கொண்டால் அவன் பென்ஷனில் மனைவிக்கு எவ்வளவு வரும் என்று ஒரு படிவம் உண்டு, அதில் மனைவி நேரில் வந்து கையெழுத்துப் போடவேண்டும். போடப் போனவளின் கண்ணில் மேல் வரி பட்டது. ஓய்வு பெறும் பதவி என்ற இடத்தில் சீஃப் என்று அச்சாகியிருந்தது.

“தப்பா அடிச்சிருக்கீங்க. எங்க வீட்டுக்காரர் லெப்டினன்ட்” என்றாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் திருமதி ஹாகன். முப்பது வருஷமாக மாலுமிகளின் மனைவிமாருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் கொடுத்து, எந்தச் செய்தியையும் ஒரே குரலில் சொல்லப் பழகியவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பென்ஷன் கணக்கு அவளுக்குத் தெரியாததல்ல. குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஆறு மாதமாக ஒட்டியிருக்கிறது. சேவை செய்த வருஷத்தை இரண்டரையால் பெருக்கவேண்டும், இருபத்திரண்டு வருஷத்துக்கு ஐம்பத்தைந்து சதவிகிதம். அதிகச் சம்பளம் வாங்கிய முப்பத்தாறு மாதங்களின் சராசரியில் அந்த ஐம்பத்தைந்து. மாலுமியாக இருந்த வருஷமும் சேர்த்தி, அதிகாரியாக இருந்த வருஷமும் சேர்த்தி. அதுவரை அவள் போட்ட கணக்கில் ஒரு சென்ட் பிசகில்லை.

பிசகு வேறு இடத்தில் இருந்தது. கீழேயிருந்து ஏறி வந்தவன் அதிகாரியாகவே ஓய்வு பெற வேண்டுமானால், அதிகாரியாகப் பத்து வருஷம் முழுசாக இருந்திருக்கவேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் பழைய பதவிக்கே இறக்கிவிடுவார்கள். பதவி சீஃப் என்றால் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளமும் சீஃப் சம்பளம்தான்.

“பத்து வருஷம் ஆயிடுச்சே” என்றாள் மாரிவிக். “ஏப்ரல் பன்னெண்டு, ரெண்டாயிரத்து ஆறு. அவங்க அம்மாதான் தோள்ல ஆபீசர் பட்டையைக் குத்திவிட்டாங்க. நான் பக்கத்துல நின்னேன். வருஷா வருஷம் அந்தத் தேதிக்குப் பன்சித் நூடுல்ஸ் கிண்டறது நான்.”

திருமதி ஹாகன் ஒரு காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். பதவிப் பிரமாணத்தில் போயெட்டின் கையெழுத்து. தேதி ஜூன் ஒன்பது, இடம் நடுக்கடல்.

மாரிவிக் விரல் விட்டு எண்ணினாள். ஏப்ரல் பன்னிரண்டிலிருந்து ஜூன் ஒன்பது வரை ஐம்பத்தெட்டு நாள்.

மாதம் எவ்வளவு குறையும் என்று கேட்டாள். ஏறக்குறைய ஆயிரத்து முந்நூறு டாலர். அதுவும் எட்டு வருஷத்துக்கு. சேவையில் இருந்த காலமும் ஓய்வில் இருக்கும் காலமும் சேர்ந்து முப்பது வருஷம் ஆனால் அவனை மறுபடி லெப்டினன்டாக ஏற்றி வைப்பார்கள், பணமும் ஏறும். அதுவரை சீஃப்.

“ஓய்வு ஆணை வந்தப்பவே இதை எழுதியிருப்பாங்களேம்மா” என்றார் திருமதி ஹாகன். “பிப்ரவரியில வந்திருக்கணும். அவர் உங்ககிட்ட காட்டலையா?”

மாரிவிக் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது அலுவலகத்தின் பேனா என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று மட்டும் கேட்டாள். கேப்டன் ஒப்புக்கொண்டு டென்னசியில் இருக்கும் தலைமை அலுவலகத்தில் பேசினால் முடியலாம், ஆனால் அங்கே கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது, நாலரைக்கு மூடிவிடுவார்கள், இங்கே இரண்டரைக்குள் பேசியாகவேண்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவேண்டாம் என்றார் அந்த அம்மாள்.

நாளை என்பதே கிடையாது. போயெட்டின் கேப்டன் நாளைக் காலை கிழக்குக் கரைக்குக் கிளம்பினால் திரும்ப மூன்று வாரம் ஆகும் என்று அவன்தான் நேற்று சாப்பிடும்போது சொன்னான். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான் என்று இப்போது நினைத்தபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தளத்தின் வாசலுக்கு எதிரே, ஜப்பானியப் பாணியில் கோழி சுட்டுத் தரும் ஒரு தெரியாக்கிக் கடை. பதினொன்றரைக்கு அங்கே வரச்சொல்லிச் செய்தி அனுப்பினாள். சாதாரணமாக அவள் செய்தியில் இரண்டு சிரிப்புப் பொம்மையாவது இருக்கும். இன்றைக்கு ஒன்றுமில்லை. போயெட் அதைப் பார்த்தே புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன், ஐந்து நிமிஷம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு பேருக்கும் கோழி வாங்கி வைத்திருந்தான். இந்த மனிதர் பயந்தால் சாப்பாடு வாங்குவார்.

“பிப்ரவரியில உனக்கு ஒரு லெட்டர் வந்துதா?” என்றாள்.

“வந்துது.”

“எங்க வெச்சிருக்க?”

“காரேஜ்ல. கிறிஸ்துமஸ் விளக்கு டப்பாவுல.”

மாரிவிக் தலையில் அடித்துக்கொண்டாள். நாற்பது பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்தே அடக்குகிறவள், இந்த ஒருவனை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் அவன் மெதுவாகச் சொன்னான், அவள் கேட்டாள்.

அவன் அதிகாரியாவதற்கான ஆணை ஜூனில்தான் வருவதாக இருந்தது. அம்மா பெர்பெத்துவா ஜூன் வரை தாங்கமாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போயெட் அன்றைய கேப்டனிடம் போய் நின்றான். அவர் நல்ல மனிதர், விழாவை முன்னால் வைத்துக்கொள், காகிதம் வரும்போது வரட்டும் என்றார். தேவாலயத்துக் கூடத்தில் சக்கர நாற்காலியில் அம்மா வந்தாள். கை நடுங்க நடுங்கப் பட்டையைக் குத்தினாள், ஒரு தரம் அவன் தோளையும் குத்தினாள். மறுநாள் அவன் பட்டையைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு மறுபடி சீஃப் உடையில் கப்பலேறினான். மே மாதம் இருபதாம் தேதி அம்மா போய்விட்டாள். ஜூன் ஒன்பதாம் தேதி கடலில் கையெழுத்துப் போட்டான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

“ரிட்டயர் ஆகற விண்ணப்பத்துல ஆபீசரான தேதி கேட்டிருந்தாங்க, கை தானா ஏப்ரல்னு எழுதிடுச்சு, மாரிவிக். வேணும்னு பண்ணல. ஓய்வு ஆணை வந்தப்பறம்தான் எனக்கே உறைச்சுது.”

“அப்ப மாத்தியிருக்கலாமே.”

“மாத்தினா அப்பாகிட்ட ஏன்னு சொல்லணும். அம்மா பட்டை குத்தினப்ப நான் ஆபீசரே இல்லைன்னு அவர்கிட்ட நான் எப்படிச் சொல்றது?”

மாரிவிக்கின் கோபம் பாதியில் நின்றது. அவளும் அந்தக் கூடத்தில் நின்று அழுதவள்தான்.

ஆனால் அவள் வாய் நிற்கவில்லை. விழாவில் லெப்டினன்ட் உடையைப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டு, எட்டு வருஷம் சீஃப் பென்ஷனை வாங்கி அப்பாவுக்குத் தெரியாமல் மறைக்கப்போகிறாயா என்று கேட்டாள். அவன் ஆமாம் என்று தலையாட்டினான். கூரை ஒழுகுவதற்கு வாளி வைத்திருக்கிறோமே, அதை எட்டு வருஷமும் வைத்திருப்போமா என்றாள். அவன் கோழியைப் பார்த்தான். அவனுக்குப் பதிலாக வரவேண்டிய அதிகாரி ஜப்பானில் யோகோசுகாவிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டான், ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்காரமுடியாது, நான் இருபத்திரண்டு வருஷத்தில் எவனிடமும் சலுகை கேட்டதில்லை என்று முணுமுணுத்தான். கீழேயிருந்து ஏறி வந்தவர்களுக்கே உள்ள வியாதி அது.

“நாற்காலி எதுக்கு? வித்துடலாம்னு சேத்து வெச்சிருக்கியே அறுபது நாள் லீவு, அதை விக்காத, எடு. மே, ஜூன் ரெண்டு மாசமும் வீட்ல இரு, சம்பளம் வரும். கூரைக்கு ஒண்ணும் குறையாது. ஜூலை ஒண்ணாந்தேதி ரிட்டயர் ஆகு. ஒரு நாள் இடிக்கும், அன்னைக்கு மட்டும் வேலைக்குப் போ.”

பஸ் ஓட்டுகிறவளின் மூளை எவ்வளவு வேகமாக ஓடுகிறது பாருங்கள். இவன் இரண்டு மாதமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்ததை அவள் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டாள்.

“அப்பா?” என்றான்.

“அவரை நான் பாத்துக்கறேன். நீ போன் வந்தா எடு.”

வீட்டுக்கு வந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். மாமனார் காரேஜ் கதவுக்கு முன் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தார். எழுபத்தைந்து வயது, ஏணி ஏறக்கூடாதென்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. ஃப்ளெக்ஸ் பேனரின் ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். லெப்டினன்ட் வில்ஃபிரடோ அக்பயானி, இருபத்திரண்டு ஆண்டு சேவை என்று சிவப்பும் மஞ்சளுமாக எழுத்து. நடுவில் போயெட். மூலையில் வெள்ளை உடையில் இளவயசு சத்துர்னினோ. மூலை என்றுதான் பெயர், மகனைவிடப் பெரிதாக இருந்தார்.

“கோணலா இருக்காம்மா?” என்றார்.

“இறங்குங்க மாமா, ஒரு விஷயம்.”

அவர் இறங்கினார். மாரிவிக் சுற்றி வளைக்கத் தெரியாதவள். காகிதம், தேதி, பத்து வருஷக் கணக்கு, டப்பாவில் ஒளித்த கடிதம் எல்லாவற்றையும் நின்ற நிலையிலேயே சொல்லி முடித்தாள். ஏன் ஒளித்தான் என்பதையும் சொன்னாள்.

பெரியவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூறல் போட ஆரம்பித்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை.

“அப்ப அவ குத்தினது...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். பிறகு, “பெர்பெத்துவாவுக்குத் தெரியுமா?” என்றார்.

தெரியாது என்றுதான் நினைக்கிறேன் என்றாள் மாரிவிக். அவர் தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க அவர் முயற்சி செய்யவில்லை, மருமகளும் வேறு பக்கம் திரும்பவில்லை. மாமியார் இறந்த நாளுக்கு அப்புறம் இந்த வீட்டில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை. தான் சொல்லியிருக்கக்கூடாதோ என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது.

“எவ்ளோன்னு சொன்ன?”

“மாசம் ஆயிரத்து முந்நூறு.”

“எத்தனை வருஷம்?”

“எட்டு.”

அதற்கப்புறம் அந்த மனிதரைப் பார்த்திருக்கவேண்டும். கண்ணீர் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஐந்து சென்ட் மலிவாகக் கிடைக்கிறதென்று இரண்டு பஸ் மாறிப்போய் அரிசி வாங்கியவள் பெர்பெத்துவா, அவள் பேரைச் சொல்லி ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம் டாலரை இந்த மடையன் சர்க்காருக்குத் தானம் பண்ணப் பார்த்தானா, அவள் மட்டும் இருந்திருந்தால் செருப்பைக் கழற்றியிருப்பாள் என்று ஒரு மூச்சு கத்தித் தீர்த்தார். எதிர்வீட்டு நாய் குரைத்தது. மாரிவிக் சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் நின்றாள்.

“போனைப் போடு” என்றார்.

போயெட் முதல் மணியிலேயே எடுத்தான். பெரியவர் திட்டுவார் என்று மாரிவிக் எதிர்பார்த்தாள். அவர் குரல் திடீரென்று தணிந்துவிட்டது.

“போயெட். உங்கம்மா குத்தினது குத்தினதுதான். அதை எந்தக் காகிதமும் பிடுங்க முடியாது, நீ அதைக் காவல் காக்க வேணாம். நான் இருபத்தோரு வருஷம் அந்த ஆபீசருங்க ரூம்ல தட்டெடுத்தேன், எந்தத் தேதியில எடுத்தேன்னு எவனும் கேட்டதில்ல. உன்னைக் கேக்கறாங்க. போய் பதில் சொல்லு.”

அந்தப் பக்கம் “சரிப்பா” என்று கேட்டது.

மாரிவிக் மத்தியான ட்ரிப்புக்கு ஓடினாள். அன்றைக்குப் பின் சீட்டில் இரண்டு பையன்கள் வாழைப்பழத்தால் அடித்துக்கொண்டதைக்கூட அவள் கண்டுகொள்ளவில்லை. இரண்டரை அடிக்கும்போது ஒரு சிவப்பு விளக்கில் நின்றிருந்தாள், விளக்கு பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தாள்.

ஐந்து மணிக்கு அவள் வீடு திரும்பியபோது போயெட்டும் அப்போதுதான் காரை நிறுத்தினான். நடந்ததைச் சொன்னான். கேப்டன் அம்மாள் பெட்டியில் கோப்புகளை அடுக்கியபடியே கேட்டாராம். அறுபது நாள் லீவு யோசனை உன்னுடையதா என்று கேட்டாராம், என் மனைவியுடையது என்றானாம், நானும் அப்படித்தான் நினைத்தேன் என்றாராம். இரண்டு இருபதுக்கு டென்னசிக்குப் பேசினார். அங்கே ஒருவர் மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார். எதுவானாலும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று கேப்டன் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“மாட்டேன்னு சொல்லிட்டா?” என்றாள்.

“சீஃபாவே வருவேன். நல்ல வேலைதான் அதுவும்” என்று சிரித்தான். அவன் முகம் காலையில் இருந்ததற்கு எவ்வளவோ தெளிந்திருந்தது. சொல்லிவிட்டதே அவனுக்குப் பாதிப் பென்ஷன்.

பெரியவர் வாசலில் வந்து நின்றார். பழைய கடற்படைத் தொப்பியை மாட்டியிருந்தார். மகனின் முன்னால் கையை நீட்டி விரித்தார். உள்ளங்கையில் ஒரு வெள்ளி டாலர்.

புதிதாக அதிகாரியானவன், தனக்கு முதல் சல்யூட் அடிக்கும் மாலுமிக்கு ஒரு வெள்ளி டாலர் கொடுக்கவேண்டும் என்பது அங்கே வழக்கம். அந்த ஏப்ரல் பன்னிரண்டில், கூடத்தில், போயெட்டுக்கு முதல் சல்யூட் அடித்தது அவன் அப்பாதான்.

“இது என்னோடதில்ல. அன்னைக்கு நீ ஆபீசர் இல்ல. ஜூன் ஒம்பதாந்தேதி யாரு முதல்ல சல்யூட் அடிச்சானோ அவனுக்குக் குடுத்துடு” என்றார். நேர்மையான மனிதர், ஆனால் சொல்லும்போது கை டாலரை முழுசாக விடவில்லை.

“யாருன்னே ஞாபகம் இல்லப்பா. அப்ப நான் யாரையும் பாக்கற நிலைமையில இல்ல.”

பெரியவர் யோசித்தார். “அப்ப எவனும் உரிமை கேட்டு வரமாட்டான். போய்த் தொப்பியை எடுத்துட்டு வா.”

தொப்பி இல்லாமல் கடற்படையில் சல்யூட் கிடையாது. போயெட் கையில் இருந்த போனையும் சாவியையும் மனைவியிடம் திணித்துவிட்டு காருக்கு ஓடினான். தொப்பியோடு வந்து அப்பாவின் முன்னால் நின்றான். அவர் டாலரை அவன் சட்டைப் பையில் போட்டுவிட்டு இரண்டடி பின்னால் போனார். ஐம்பது வருஷம் முன்னால் சொல்லிக்கொடுத்தபடி நிமிர்ந்து, கையை நெற்றிக்கு ஏற்றினார். போயெட் பதிலுக்குத் தன் கையை ஏற்றினான்.

அங்கேதான் சிக்கல். அதிகாரி கையை இறக்கிய பிறகுதான் மாலுமி இறக்கலாம். போயெட் இறக்கவில்லை. அவனால் முடியவில்லை. தூறலில் இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள், இரண்டு பேர் கன்னமும் நனைந்திருந்தது.

மாரிவிக்கின் கையில் போன் அடித்தது. திரையில் கேப்டனின் பெயர். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

“கையை இறக்குடா. தோள் வலிக்குது” என்றார் பெரியவர்.

போயெட் இறக்கினான். பையிலிருந்து டாலரை எடுத்து, இரண்டு கையாலும் அப்பாவிடம் கொடுத்தான்.

மாரிவிக் போனைக் காதில் வைத்தாள். எதிர்முனையில் கேப்டன் அவன் இருக்கிறானா என்று கேட்டார்.

“லெப்டினன்ட் அக்பயானி இருக்கார் மேடம்” என்றாள். “ஒரு நிமிஷம். அவங்க அப்பாவோட இருக்கார்.”